பழைய கணக்கு புரோகிராமை ‘கர்னல் கைவிட்டுவிட்டது’ என்கிறார் டெக்னீஷியன்: நம்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மொரிஷியஸில், போர்ட் லூயிஸ் லா கோர்டெரி தெருவில் எங்களுக்கு மொத்த ஜவுளிக்கடை. சரக்கிருப்பு, பில், பேரேடு மூன்றும் 2008இல் எழுதி வாங்கிய ஒரே புரோகிராமில் ஓடுகின்றன. எழுதியவர் பிரான்சுக்குப் போய்விட்டார், மூலநிரல் எங்களிடம் இல்லை. பழைய மெஷினில் ‘சென்டோஸ் 5, 64 பிட்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதால் புது மெஷின் வாங்கினோம். டெக்னீஷியன் அதில் டெபியன் 12 போட்டு, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள் வைத்துப் பார்த்தார். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வந்து நின்றுவிடுகிறது, 139 என்ற எண்ணும் வருகிறது. “லினக்ஸில் பழைய சிஸ்டம் கால்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இது இனி எந்தப் புது மெஷினிலும் ஓடாது. புது புரோகிராம் வாங்குங்கள், அல்லது வருடச் சந்தா கட்டுங்கள், பழைய கர்னலைப் பூட்டி வைத்துத் தருகிறேன்” என்கிறார். உண்மையா ஐயா? பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: டெக்னீஷியன் சொன்னதில் பாதி உண்மை அம்மா. ஆனால் அந்தப் பாதிக்கும் உங்கள் கடைக்கும் சம்பந்தமில்லை. சந்தாவும் கட்ட வேண்டாம், இப்போதைக்குப் புது புரோகிராமும் வேண்டாம். நீங்கள் எழுதி அனுப்பிய ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’, ‘139’ இரண்டும் போதும், அவர் காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல.

சென்டோஸ், டெபியன் இரண்டும் லினக்ஸ் வகைகள். கன்டெய்னர் என்பது பழைய சிஸ்டத்தின் கோப்புகளைப் புது மெஷினின் கர்னல் மேலேயே ஓட்டும் பெட்டி. சிஸ்டம் கால் என்றால் என்ன என்பதில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். எந்தப் புரோகிராமும் டிஸ்க்கையோ பிரின்டரையோ தானாகத் தொட முடியாது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம் ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். 64 பிட் இன்டெல் மெஷினில் 0 என்றால் படி, 1 என்றால் எழுது, 2 என்றால் கோப்பைத் திற. 2008இல் தயாரான உங்கள் புரோகிராமுக்குள் இந்த எண்கள் பதிந்து கிடக்கின்றன. இன்றைய கர்னலிலும் 2 என்றால் கோப்பைத் திற என்றுதான் பொருள். இதை மாற்றக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். ஒருமுறை மக்கள் கைக்குப் போன வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 1998இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்தார்கள், எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஒரு சிஸ்டம் காலுக்கு ஓய்வு கொடுக்கும்போதும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் ‘இங்கே அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் சொல்லும் ஒரு சிறு துண்டை உட்கார வைக்கிறார்கள். அதை அழைத்தால் 38 என்ற பிழை எண் திரும்பி வரும், திரையில் ‘ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்’ என்று தெரியும். கவனியுங்கள், கர்னல் புரோகிராமைக் கொல்வதில்லை. இல்லை என்று சொல்லி அனுப்புகிறது, அதைக் கேட்டுக்கொண்டு வேறு வழி பார்ப்பதோ நிறுத்திக்கொள்வதோ புரோகிராமின் விருப்பம். உங்களுக்கு வந்தது 139. அதில் 128ஐக் கழித்தால் 11. தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்டதற்காகக் கர்னல் அடித்துப் போட்டது என்பதற்கான குறி அது. ஓய்வு கொடுத்த சிஸ்டம் காலை அழைத்ததற்காக 11 வராது.

ஓய்வு பெற்றவை யார் யார் என்று பார்த்தால் அவர் கதை இன்னும் மெலிகிறது. ‘சிஸ்கன்ட்ரோல்’ என்ற பழைய அழைப்பு, 64 பிட்டில் எண் 156, 2020இல் வந்த 5.5 கர்னலோடு போயிற்று. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். சர்வருக்கான ஓர் அழைப்பு 2011இல் 3.1 கர்னலில் போயிற்று. ‘பிடிஃப்ளஷ்’ 2021இல், 5.15 கர்னலில். அதை யாராவது அழைத்தால் ‘உன் தொடக்க ஸ்கிரிப்டைச் சரி செய்’ என்று கர்னல் பதிவேட்டில் பல ஆண்டுகள் திட்டிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் எடுத்தார்கள். மாட்யூல் ஏற்றுவதற்கான பழைய அழைப்புகள் சில 2.6 காலத்திலேயே போய்விட்டன. இவற்றில் ஒன்றுகூடச் சேலைக்குப் பில் போடும் புரோகிராமுக்குத் தேவைப்படாது. பழைய த்ரெட் நூலகங்கள் சில ‘சிஸ்கன்ட்ரோலை’ எட்டிப் பார்க்கும், 38 வந்தால் வேறு வழியில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடரும். (32 பிட் புரோகிராம்களுக்கு வேறு சில தொல்லைகள் உண்டு. உங்களுடையது 64 என்பதால் விட்டுவிடுகிறேன்.)

உங்கள் புரோகிராமைக் கொன்றது ‘விசிஸ்கால்’. பெயரில் ‘கால்’ இருப்பதால் எல்லாரும் இதையும் சிஸ்டம் கால் கணக்கில் சேர்த்துக் குழப்புகிறார்கள். இது எண்ணைச் சொல்லிக் கேட்பதல்ல, முகவரிக்கு நேரே போவது. சற்று விரிவாகவே சொல்கிறேன், உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு விதிவிலக்கில்தான் நிற்கிறது.

‘இப்போது மணி என்ன’ என்ற கேள்வியைப் புரோகிராம்கள் நொடிக்கு ஆயிரம் முறை கூடக் கேட்கும். ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய்வந்தால் நேரம் வீண். அதனால் 64 பிட் லினக்ஸின் தொடக்க காலத்தில், எல்லாப் புரோகிராம்களின் நினைவகத்திலும் ஒரே நிலையான முகவரியில் ஒரு பக்கத்தை ஒட்டி வைத்தார்கள். அதில் மூன்றே வேலைகள்: நுண்நொடி வரை நேரம் சொல்வது, நொடியில் நேரம் சொல்வது, எந்த சி.பி.யு.வில் ஓடுகிறோம் என்று சொல்வது. புரோகிராம் நேரே அந்த முகவரிக்குப் போய்ப் பதிலை எடுத்துக்கொள்ளும். தெருமுனை மணிக்கூண்டு மாதிரி.

வசதி, ஆனால் திருடனுக்கும் வசதி. மற்ற எல்லா முகவரிகளையும் புரோகிராம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டுப் பாதுகாக்கும்போது, இந்த ஒரு பக்கம் மட்டும் உலகத்தின் எல்லா மெஷின்களிலும் ஒரே இடத்தில் இருந்தது. உள்ளே புகுந்தவன் கால் ஊன்ற அது போதும். ஆகவே 2011இல், 3.1 கர்னலில், பக்கத்தை வைத்துக்கொண்டே அதிலிருந்த கட்டளைகளை நேரே ஓடவிடாமல் தடுக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். யாராவது அங்கே போனால் கர்னல் தடுத்துப் பிடித்து, கேட்ட நேரத்தைத் தானே கொடுத்து அனுப்பும். இதற்கு ‘எமுலேட்’ என்று பெயர். பிறகு அதையும் இறுக்கி ‘எக்ஸ்-ஒன்லி’ என்று ஒன்று வந்தது. அதில் அந்த முகவரியை அழைக்கலாம், அங்கே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது. மூன்றாவது ‘நன்’. பக்கமே கிடையாது. அங்கே போகிறவனுக்கு 11, அதாவது உங்கள் 139.

கர்னல் எழுதுகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்கிறார்கள், பழைய புரோகிராமைக் கைவிடவில்லை. டெபியன்காரர்கள் தங்கள் கர்னலைத் தொகுக்கும்போது ‘நன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜி.லிப்சியின் 2.13க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் இதனால் கேடு வரும் என்றும், மாற்று வழி இன்னது என்றும் மாற்றக் குறிப்பில் எழுதியும் வைத்தார்கள். சென்டோஸ் 5இல் இருப்பது ஜி.லிப்சி 2.5. ஆனால் அந்தக் குறிப்பை லா கோர்டெரி தெருவில் யார் படிப்பது? ‘உன் புரோகிராம் பழைய மணிக்கூண்டைத் தேடிப் போய் விழுந்தது, இந்த ஒரு சொல்லைச் சேர்’ என்று திரையில் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. கர்னலுக்குக் காரணம் தெரியும், பதிவேட்டில் எழுதியும் வைக்கிறது. திரைக்கு வருவது மட்டும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற இரண்டு சொல். இருபது ஆண்டுப் பழைய புரோகிராமை ஓட வைப்பதற்காக அவ்வளவு பாடுபடுகிறவர்கள், கடைசி அடியில் இப்படி விட்டுவிடுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க இரண்டு வழி. முதலில் அந்தக் கன்டெய்னருக்குள் உங்கள் புரோகிராமை விட்டுவிட்டு, சென்டோஸ் 5இன் சொந்த ஷெல்லான பாஷை மட்டும் ஓடச் சொல்லுங்கள். அதுவும் 139 என்று விழுந்தால் உங்கள் புரோகிராம் நிரபராதி, நூலகம்தான் விழுகிறது. அடுத்து, புது மெஷினில் கர்னல் பதிவேட்டைப் படிக்கும் ‘டிமெசேஜ்’ கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுக்க வேண்டும். டெபியனில் சாதாரணப் பயனருக்கு அது காட்டாது. ‘ஒன்றும் இல்லையே’ என்று பலர் திரும்பிவிடுவது அதனால்தான். அதில் ‘விசிஸ்கால் அட்டெம்ப்டட் வித் விசிஸ்கால் சமம் நன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். வரி இருந்தால் விசாரணை முடிந்தது.

திருத்தம் பத்து நிமிட வேலை. கர்னல் தொடங்கும்போது அதற்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ‘ஈ.டி.சி.’ அடைவில் ‘டிஃபால்ட்’ என்ற உள்ளடைவு, அதற்குள் ‘க்ரப்’ என்ற கோப்பு. அதில் லினக்ஸ் கட்டளை வரியைக் குறிக்கும், ‘டிஃபால்ட்’ என்று முடியும் வரியில், மேற்கோள் குறிக்குள், ஏற்கெனவே இருக்கும் ‘கொயட்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, விசிஸ்கால், சமக்குறி, எக்ஸ்-ஒன்லி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்க்க வேண்டும். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது, எக்ஸ்-ஒன்லியை நடுவில் கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். பிறகு ‘அப்டேட்-க்ரப்’ கட்டளை, பிறகு மெஷினை முழுதாக மறுதொடக்கம். பாதிப் பேர் அப்டேட்-க்ரப்பை மறந்துவிட்டு, மாற்றியும் பலனில்லை என்பார்கள். கன்டெய்னரை மட்டும் நிறுத்தி ஓட்டுவதும் பயன்படாது, கன்டெய்னருக்குச் சொந்தக் கர்னல் கிடையாது. மெஷின் எழுந்ததும் ‘ப்ராக்’ அடைவின் ‘சிஎம்டிலைன்’ கோப்பைத் திறந்து, நாம் எழுதிய சொல் கர்னல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-ஒன்லியிலேயே உங்கள் புரோகிராம் எழுந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். எழாவிட்டால் மட்டும் அந்த இடத்தில் ‘எமுலேட்’ என்று மாற்றுங்கள். முதலிலேயே எமுலேட் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன, தேவைக்கு மேல் கதவைத் திறப்பானேன். நேரம் கேட்பது சற்று மெதுவாகும், பில் போடும் வேலையில் அது கண்ணுக்கே தெரியாது. டெக்னீஷியன் விண்டோஸ் மெஷினில், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 மூலம் இதையே செய்ய நினைத்தால், பயனர் அடைவில் உள்ள டபிள்யூ.எஸ்.எல். அமைப்புக் கோப்பில் ‘கர்னல் கமாண்ட் லைன்’ என்ற வரியில் அதே சொல்லை எழுத வேண்டும்.

இனி அந்தச் சந்தாவுக்கு வருகிறேன். ‘பழைய கர்னலைப் பூட்டி வைக்கிறேன்’ என்பது இந்தத் தொழிலில் சோம்பேறித்தனத்துக்கு வைத்த கௌரவப் பெயர். சென்டோஸ் 5இன் கர்னல் 2.6.18. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 மார்ச் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதை உங்கள் புது மெஷினில் நேரடியாகப் போட்டால் டிஸ்க்கே தெரியாமல் போகலாம். இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் என்.வி.எம்.ஈ. டிஸ்க், அதற்கான டிரைவர் லினக்ஸுக்குள் வந்ததே 2012இல், 3.3 கர்னலில். அப்படியானால் அவர் பூட்டப்போவது எதை? டெபியனின் ஏதோ ஒரு பழைய கர்னலையாக இருக்கும். அதுவும் விசிஸ்காலை ‘நன்’ ஆக்கிய கர்னலாக இருந்தால் புரோகிராம் அப்போதும் விழும். ஓட வைக்க எப்படியும் அந்த ஒரு சொல்லைச் சேர்க்கத்தான் வேண்டும், சேர்த்த பிறகு பூட்டு எதற்கு? வருடா வருடம் பணம் கட்டி, திருத்தம் வராத கர்னலை வைத்துக்கொள்வது மட்டுமே மிச்சம்.

இன்னொரு வகை ஆளும் வருவார். ‘பொருந்த வைக்கும் நூலகம்’ என்று ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்து, நிர்வாகி கடவுச்சொல்லையும் கேட்பார். உங்கள் வாடிக்கையாளர் கடன் பாக்கி முழுவதும் அந்தப் பேரேட்டில் இருக்கிறது. கடைச்சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பீர்களா? யார் வந்தாலும் ஒன்று மட்டும் கேளுங்கள்: “எந்தச் சிஸ்டம் கால், அதன் எண் என்ன, எந்தக் கர்னல் பதிப்பில் எடுத்தார்கள்?” தெரிந்தவர், சிஸ்டம் கால்களை வரி வரியாகக் காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ என்ற கருவியில் புரோகிராமை ஓடவிட்டு, 38 திரும்பி வந்த வரியை எடுத்துக் காட்டுவார். அந்த வரி இருந்தாலும் அதற்கு அடுத்த வரிகளையும் படிக்கச் சொல்லுங்கள். புரோகிராம் அதைத் தாண்டிப் போயிருந்தால் அது காரணமல்ல. ஒரு வரியும் காட்டாமல் ‘லினக்ஸில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்’ என்பவரிடம் காசு எண்ணாதீர்கள்.

கன்டெய்னர் வழி சரிப்படாவிட்டால் உறுதியான மாற்று ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கின் முழுப் பிரதியை கே.வி.எம். மெய்நிகர் மெஷினுக்குள் ஓடவிடுவது. அதற்குள் 2.6.18 கர்னலே ஓடும், மணிக்கூண்டும் அதன் பழைய இடத்தில் இருக்கும். 1 ஜி.பி. நினைவகமும் ஒரு சி.பி.யு.வும் போதும். டிஸ்க் வகையைக் கேட்கும்போது ‘விர்ட்-ஐ.ஓ.’ என்று விட்டுவிடாமல் ஐ.டி.இ. என்று கொடுங்கள். பழைய மெஷினின் தொடக்கப் படிமத்தில் அந்த மெஷினுக்கு வேண்டிய டிஸ்க் டிரைவர் மட்டுமே இருக்கும். வகை பொருந்தாவிட்டால் ரூட் கிடைக்கவில்லை என்று ‘கர்னல் பேனிக்’ வந்து நிற்கும். அப்போது மெஷின் வகையை ‘கியூ 35’ ஆக்கி, டிஸ்க்கைச் சாட்டாவாக மாற்றிப் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டுக்கு ‘ஈ 1000’. புரோகிராம் உரிமத்தை நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டியிருந்தால், பழைய கார்டின் முகவரியையே மெய்நிகர் கார்டுக்கும் கொடுங்கள். இந்தப் பழைய கர்னல்கள் மெய்நிகர் மெஷினுக்குள் கடிகாரத்தைத் தவறவிடுவது உண்டு. முதல் ஒரு வாரம் காலையும் மாலையும் பில்லில் அச்சாகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இவை எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது டிஸ்க் பிரதி. கரகரக்கும் டிஸ்க்குக்கு நாள் கணக்கில்லை. அதைக் கழற்றிப் புது மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, மவுன்ட் செய்யாமல், ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு பிரதி எடுங்கள். டெபியனில் அந்தத் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ கூடுதலாக இருக்கும். முதல் சுற்றில் எளிதில் படிக்க முடிந்ததை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும், அதற்கு ‘என்’ என்ற விருப்பம். இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லலாம், அதற்கு ‘ஆர் 3’. இரண்டு சுற்றுக்கும் ஒரே வரைபடக் கோப்பைக் கொடுத்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு பேர் சேர்ந்து படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள். இடம் மாறினால் வெறும் டிஸ்க் உங்கள் பேரேட்டின் மேல் எழுதப்பட்டுவிடும், அதை மீட்க எந்தக் கருவியும் உதவாது.

புரோகிராம் எழுந்துவிட்டால் அதை வெளி இணையத்தோடு இணைக்காதீர்கள். கர்னல் புதிதாக இருந்தாலும், கன்டெய்னருக்குள் இருக்கும் நூலகங்கள் 2017லேயே நின்றுபோனவை. கடைக்குள் இருக்கும் பில் கவுன்டர்களுக்கு மட்டும் வழி விட்டால் போதும்.

உங்கள் புரோகிராமுக்கு உண்மையிலேயே ஓய்வு கொடுக்க வேண்டிய நாளும் இங்கிருந்துதான் வரும், சிஸ்டம் காலிலிருந்து அல்ல. மொரிஷியஸ் வருவாய் ஆணையமான எம்.ஆர்.ஏ.யின் மின் விலைப்பட்டியல் திட்டத்தில், பில் இணையம் வழியாக அவர்களிடம் போய்ப் பதிவெண் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். விற்றுமுதல் அளவைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வணிகர்களை உள்ளே சேர்க்கிறார்கள். இணையத்தில் பாதுகாப்பாகப் பேசும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். சென்டோஸ் 5இல் அதற்கான நூலகமான ஓப்பன் எஸ்.எஸ்.எல். 0.9.8க்கு டி.எல்.எஸ். 1.0 வரைதான் தெரியும். இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. உங்கள் கடை எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கணக்கரிடம் கேளுங்கள். முறை வந்துவிட்டால் புது புரோகிராம் வாங்குவது நியாயம்தான், இருக்கும் சரக்கு விவரங்களை வெளியே எடுத்துத் தர முடியுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டெக்னீஷியன் அந்தக் காரணத்தைச் சொல்லி வந்திருந்தால் அவரை மெச்சியிருப்பேன்.

பழைய மெஷினை இப்போது தூக்கிப் போட வேண்டாம். புது மெஷினில் ஒரு மாதம் முழுக்க பில் போட்டு, மாதக் கடைசிச் சரக்கிருப்பும் பேரேட்டு மிச்சமும் சரியாக நின்று, அதை வைத்து ஒரு வாட் கணக்கும் தாக்கல் செய்து முடியும் வரை இருக்கட்டும். டிஸ்க்கைத் தனியே துணியில் சுற்றி, மேல் அலமாரியில் வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் தண்ணீர் எந்த உயரத்தில் ஓடியது என்று உங்களுக்கே தெரியும்.